மன். என்றால் மன்னன்

இன்று காலை லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு கடையில் ஈரான் பேரீச்சம்பழப் பெட்டியொன்றைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் திருப்பி வைக்க முடியாமல் நின்றுவிட்டேன். பெட்டியின் மேல் வலமிருந்து இடமாக ஓடும் அந்த எழுத்துத்தான் காரணம். ஐசே, நாங்கள் ஓர் அறையில் இருந்த காலத்தில் வியாழக்கிழமைகளில் நீர் ஈலிங்கிலிருந்து கொண்டுவரும் பெட்டியிலும் அந்த எழுத்துத்தான் இருக்கும். "ஈரான் கிழவர் சும்மா தந்தவர்" என்பீர். ஒருவர் இன்னொருவருக்குச் சும்மா பேரீச்சம்பழம் கொடுப்பாரா என்று யோசித்துக்கொண்டே நான் தின்பேன். கொட்டையைத் துப்பும்போதும் அதே யோசனைதான். "வேணுமோ வேண்டாமோ?" என்று கடைக்காரர் கேட்ட பிறகு பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீர் கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. உம்முடைய பெயருக்கு நான் செய்ததை உமக்கே எழுத இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அது பொய். என் தம்பியை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்த நாளில் வந்த குணம் அது. ஒழுங்கையில் இருந்த ஆண்களையெல்லாம் ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருந்தான். தலையாட்டி. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளுக்குக் கதை முடிந்தது. என் தம்பிக்கு ஆட்டினான். சாக்கின் ஓட்டைக்குப் பின்னால் இருந்த கண்கள் யாருடையவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரியாதபடியால், எவருடைய கண்ணாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. லண்டனுக்கு வந்த பிறகு, பால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் போத்தலின் மூடியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆள் நான். அப்படிப்பட்டவனோடு ஓர் அறையில் குடியிருக்க நீர் வந்தீர்.

எண்பதுகள் முடிகிற காலம். நீர் மன்னார், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். உமக்குப் பெற்றோல் செட்டில் வேலை, எனக்குப் பார்க்கிங் என்ற இடத்தில் வெயர்ஹவுஸ் ஷிப்ட். கடைசிவரை நாங்கள் ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் அழைத்தோம். 'நீங்கள்' என்று தள்ளி நிற்கவும் இல்லை, 'நீ' என்று தோளில் கை போடவும் இல்லை. அந்த அளவு எனக்கு வசதியாக இருந்தது.

வியாழன் உமக்கு லீவு. ஒரு கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கிழக்கிலிருந்து மேற்குக் கோடிவரை ட்ரெயினில் போவீர். ஈலிங்கில் ஈரானிலிருந்து வந்த கிழவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது, அவர் அதை வாசித்து இங்கிலிஷில் சொல்லச்சொல்ல நீர் தமிழில் எழுதுகிறீர். இதுதான் நீர் சொன்ன விளக்கம்.

"ஈரான்காரருக்கும் உமக்கும் என்ன ஐசே?"

"அவரும் வேதக்காரர் ஐசே."

"ஈரானில வேதக்காரரோ? ஆருக்குக் காது குத்துறீர்?"

நீர் சிரித்துவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டிருந்து கதை சொன்னீர். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னர் பாரசீகத்து ராசாவுக்கு ரோமாபுரியோடு சண்டை. ரோமாபுரியின் சக்கரவர்த்தி வேதத்தில் சேர்ந்துவிட்டார். அதனால் தன் நாட்டு வேதக்காரர் எல்லாரும் எதிரியின் ஒற்றர் என்று இந்த ராசா நினைத்துவிட்டார். உடம்பு இங்கே, மனம் அங்கே என்று சந்தேகம். சூரியனைக் கும்பிட்டுக் காட்டு என்றார். கும்பிடாதவர்களைக் கொன்றார்.

"எங்கட ஊரிலயும் இதுதானே நடந்தது," என்றீர். "பறங்கியின்ர ஆக்கள் எண்டு சொல்லி, உங்கட யாழ்ப்பாணத்து ராசா மன்னாரில எங்கட சனத்தை வெட்டினவர்."

"நான் அப்ப அங்க இல்லை ஐசே."

"இல்லைதான். இருந்திருந்தால்?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

வெட்டுப்பட்டவர்களை வேதசாட்சிகள் என்பீர். செத்தவன் எப்படிச் சாட்சியாவான், சாட்சியென்றால் உயிரோடு வந்து கூண்டில் ஏறவேண்டாமா என்று மடக்கினேன். "கண்டதைச் சொல்லுறவன் சாட்சி. சொன்னால் சாகவேணும் எண்டு தெரிஞ்சும் சொல்லுறவன் வேதசாட்சி," என்றீர். எழுதி முடித்தால் ஒரு சங்கம் அச்சுப் போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னீர். உம்முடைய முகத்தில் அன்றிருந்த சந்தோஷத்தைக்கூட நான் நம்பவில்லை. இந்தக் காலத்தில் எவனாவது ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னர் செத்தவர்களுக்காக லீவு நாளை வீணாக்குவானா? வேறேதோ இருக்கிறது என்றே என் மனம் சொன்னது.

ஒரு நாள் பகல் நீர் குளித்துக்கொண்டிருந்தீர். கொப்பி கதிரையில் கிடந்தது. எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியல். மேலே தலைப்பு இல்லை. சீமோன், மன். ஆட்களால் பிடிபட்டவர். யோசேப்பு, வயது போனவர், மூன்று வருடம் மறியலில் அடைபட்டவர். மார்த்தா, தகப்பன் மன். தொழிலாளி. தெக்லாவும் இன்னும் நாலு பெண்களும், பிடிபட்ட இடம் எது? வியாழன் கேட்க வேணும்.

திரும்பவும் வாசித்தேன். மன். என்றால் மன்னார். வேறென்ன? சீமோன், யோசேப்பு, மார்த்தா என்று மன்னாரில் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே சீமோன் மன்னார்ப் பேசாலையில் படகு வைத்திருக்கும் மீன் சம்மாட்டி. நீர் கதை சொன்னபோது பெயர்கள் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் காதில் விழுத்தியிருக்கமாட்டேன். வாயால் பேசும்போது நீர் எப்போதும் 'ராசா' என்பீர். மன்னன் என்பது உம்முடைய எழுத்துத் தமிழ் என்று எனக்கு எப்படித் தெரியும்? உயிரோடிருக்கும் ஆட்களின் விபரத்தை வியாழனுக்கு வியாழன் யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறீர் என்று முடிவு கட்டினேன். சாக்குக்குள் இருந்தவனைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், அது சந்தோஷம் போலத்தான் இருந்தது.

அன்றே கிரீன் ஸ்ட்ரீட்டில் வீடியோக் கடை வைத்திருந்த அண்ணையிடம் போனேன். அந்தக் கடையில் படமும் எடுக்கலாம், ஊர்ப் புதினமும் எடுக்கலாம், அங்கே விழுந்த சேதி ஊரெல்லாம் போகும். ஒருவர் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறார் என்றேன், உம்முடைய பெயரைச் சொல்லவில்லை. "என்ர அறையில இருக்கிற மன்னார் ஆள்" என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லாதபடியால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. உமக்கு வரும் ரெலிபோன் குறைந்தது. பெற்றோல் செட்டில் ஷிப்டைக் குறைத்தார்கள். அச்சுப் போடுவதாகச் சொன்ன சங்கம், இப்போதைக்கு வசதியில்லை என்று கடிதம் போட்டது. நீர் ஒன்றும் விளங்காமல் நின்றீர். ஒரு சனிக்கிழமை காலை கதவின் கடிதத் துவாரத்தால் ஒரு துண்டுத்தாள் வந்து விழுந்தது. முன்னுக்குப் போய் எடுத்தது நீர். அதில் ஒரே ஒரு சொல், துரோகி. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எழுதி மாட்டினால் அதற்குப் பிறகு விசாரணை கிடையாது. இயக்கக்காரர் மின்கம்பத்தில் கட்டிச் சுடுவதுதான். நீர் அதை வாசித்து, நாலாக மடித்து, என்னைப் பார்த்துக் கேட்டீர்.

"ஐசே, இது உமக்கோ எனக்கோ?"

எவ்வளவு அப்பாவித்தனமான கேள்வி! வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், துண்டில் பெயர் இல்லை. அந்தக் கேள்வியில்தான் நான் முதன்முதலாகத் தடுமாறினேன். காட்டிக்கொடுப்பவன் அப்படிக் கேட்கமாட்டான். "அப்ப உம்மட கொப்பியில இருக்கிற லிஸ்ட் என்ன?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

கொப்பியை எடுத்து வந்து விரித்தீர். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தீர். "மன்னன் ஐசே! மன். எண்டால் மன்னன்! சீமோன் அவையின்ர மேற்றிராணியார், பிஷப். அவர் செத்து ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு மேல. ஆர் இனி அவரைப் பிடிக்கப் போறான்?" சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த துண்டைப் பார்த்தீர். பிறகு, "ஆருக்குச் சொன்னனீர்?" என்றீர். சொன்னேன்.

நீர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. இன்னுமொரு கதை சொன்னீர். அந்தப் பாரசீக ராசாவைத் தூக்கி வளர்த்த ஒரு கிழவர் அரண்மனையில் இருந்தாராம். அவரும் வேதக்காரர்தான், ஆனால் பயத்தில் சூரியனைக் கும்பிட்டுவிட்டார். சீமோனைப் பிடித்துக்கொண்டு போகும்போது கிழவர் எழும்பி மரியாதை செய்தார். சீமோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கிழவருக்குத் தாங்கவில்லை. துக்க உடுப்பு உடுத்திக்கொண்டு, நானும் வேதக்காரன் என்று ராசாவிடம் சொன்னார். தலையை வெட்டச் சொல்லிவிட்டார் ராசா. கிழவர் ஒரே ஒன்று கேட்டார். இவன் ராசாவுக்குத் துரோகம் செய்ததற்காகச் சாகவில்லை, வேதத்துக்காகச் சாகிறான் என்று பறையறைந்து சனத்துக்குச் சொல்லவேண்டும். உயிரைக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டார். ராசா சரி என்றார், சொல்லவும் வைத்தார்.

"நானும் அதைத்தான் கேக்கிறன்," என்றீர். "அண்ணையின்ர கடையில சனம் நிக்கேக்க ஒருக்காச் சொல்லும். கத்த வேண்டாம். நாலு பேருக்குக் கேட்டால் காணும்."

"ஓம்," என்றேன்.

அன்று பின்னேரமே போனேன். கடை நிறையச் சனம்.  பிழை விட்டேன் என்று சொன்னால், ஏன் இப்போது மாற்றிச் சொல்கிறாய், யார் உன்னை வெருட்டியது, நீயும் அவனோடு சேர்த்தியா என்று கேட்பார்கள். நானாக இருந்தால் கேட்பேன். மேசைக்குக் குனிந்து, "அண்ணை, அந்தக் கதை பிழை போல கிடக்கு," என்று முணுமுணுத்தேன். "போல எண்டால்?" என்றார் அவர். ஒரு படக் கசெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"சொன்னீரோ?" என்று கேட்டீர்.

"சொன்னன்."

"பெரிய உபகாரம் ஐசே," என்றீர். மறுநாள் ஞாயிறு. வேதக்கோயிலில் பூசை முடிந்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு, அந்தக் கடைக்கு நீராகவே போனீர். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அரைமணித்தியாலத்தில் திரும்பி வந்து சேட்டைக் கழற்றி மாட்டினீர். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மாதமே மோர்டனுக்கு வீடு மாறிப் போனீர். போகும்போதுகூட, பேரீச்சம்பழத்தில் பாதியை எனக்கு வைத்துவிட்டுப் போனீர்.

பிறகு ஏழெட்டு வருடம் நாங்கள் சந்திக்கவில்லை. மாரடைப்பு என்று கேள்விப்பட்டு, உம்முடைய செத்தவீட்டுக்குத்தான் வந்தேன். மோர்டனில் வேதக்கோயில் மண்டபம். ஈலிங் கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நான் நம்பாத அதே ஆள். வீடியோக் கடை அண்ணையும் தலை நரைத்து வந்திருந்தார். யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார்கள். எழும்பினேன்.

"இவரைத் துரோகி எண்டு சொல்ல வைச்சது நான். மன். எண்டதை மன்னார் எண்டு வாசிச்சது நான். இவர் ஒருத்தரையும் காட்டிக்குடுக்கேல்லை. அதைச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டுச் சொல்லாமல் விட்டதும் நான்."

எல்லாருக்கும் கேட்டது.  வெளியே வந்தபோது அண்ணை என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, குறை நினையாதையும். இதைச் சொல்லச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நானாத்தான் சொன்னனான்."

"ஓமோம்," என்றார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

இப்போது நான் எந்தக் கடைக்குள் போனாலும் கதை கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் தொடங்குகிறது. எனக்கு அதில் கோபமில்லை. நானும் மற்றவர்களை அப்படித்தான் பார்த்தேன். என்னால் தாங்க முடியாதது வேறு. நான் சாகும்வரை என்னோடு வரப்போவதும் அதுதான். ஊரே நம்பாத என்னை, என் சொல்லை, ஒரேயொருவர் மறுபேச்சில்லாமல் நம்பினார். "சொன்னன்" என்றேன். நம்பித்தான் நீர் நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போனீர்.