ஐம்பது டிகிரியும் அத்தையின் விதைப் பெட்டியும்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஸ்நேஹாவுக்கு, மூன்று வயதிலிருந்து உன்னைத் தோளில் சுமந்த மாமா எழுதுவது. நானும் அத்தையும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே. கனடாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன், யார் கேட்டார்கள்?

போன வருஷம் நம் மாடியில் காய்த்த தக்காளி ஒவ்வொன்றும் இளநீர் பருமன், அத்தை எலுமிச்சை அளவு என்பாள், அவள் எதையும் குறைத்தே சொல்லுகிறவள். ஒரு பழத்தில் மட்டும் சொறி மாதிரி கறுப்புப் புள்ளி, இது விதையில் ஏறும், பார்த்துக்கொண்டே இரு என்று அன்றைக்கே விரல் நீட்டிச் சொன்னேன். அவள் அந்தப் பழத்தை எறிந்துவிட்டு, மற்றதன் சதையை மூன்று நாள் புளிக்கவைத்து வழவழப்பு போகக் கழுவி விதை எடுத்தாள். விதையில் ஒட்டிய நோய் சாக, நீ சொன்னபடி ஐம்பது டிகிரி வெந்நீரில் இருபத்தைந்து நிமிஷம் வைக்கிற வேலை மட்டும் என்னுடையது. நீ அனுப்பிய தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு கண் இமைக்காமல் நின்றேன், ஐம்பதிலிருந்து மயிரிழை அசையவில்லை. மிளகுக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் நின்ற கால் அல்லவா. பிறகு அத்தை விதையை உலர்த்திப் பொட்டலம் கட்டித் தெருவில் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தாள்.

இப்போது பதினோரு வீட்டிலும் இலையெல்லாம் கரும்புள்ளி, காயெல்லாம் சொறி. எதிர்வீட்டு சகீலா மாடியில் கடையில் வாங்கிய நாற்று மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கிறது, அதுதான் நமக்கு வந்த வினை. அவள் மகள் லமியா விவசாயம் படிக்கிறாள் அல்லவா, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது விதை வழியாக வந்தது மாமா, வெந்நீரில் சூடு போதாமல் இருந்திருக்கும் என்கிறாள். சாயாக்கடைக்கார நௌஷாத் கடையில் பத்துப் பேர் நடுவில், சுப்புராஜேட்டா, நிங்க தந்தது தக்காளி விதையோ வைசூரி விதையோ என்று கேட்கிறான். எனக்கு வந்த கோபத்தில், நான் திரும்பிய நேரம் பார்த்து என் வீட்டுக்காரி கனகாம்பாள் வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்திருப்பாள், சூடு போயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அது பக்கத்துப் பேட்டையான சுள்ளிக்கல் வரைக்கும் போய்விட்டது. இந்த ஊரில் மனுஷன் வாயைத் திறக்கலாமா சொல்லு.

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேச்சில்லை, மீன்குழம்பில் உப்பும் இல்லை. பதினாறு வருஷமாக அவள் கையால்தான் இந்தத் தெருவுக்கு விதை. ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் கூட்டத்தில், அவர்கள் அவளை நம்பி ஒப்படைத்த விதைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளாம். யோசித்துச் செய் என்றால், மூடி திறக்கிறவளுக்கு எதுக்குப் பெட்டி என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

நீ வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே. தலைக்கு எண்ணெய் வை. தமிழ் எழுத்து மறந்துபோச்சு என்று பாதியில் விடாமல் கடைசிவரை எழுத்துக்கூட்டியாவது படி. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

உன் மாமா,
சுப்புராஜ்

பி.கு. தெர்மாமீட்டர் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, பிரிக்கவில்லை. மூட்டைக்குள் விட்டாலே மிளகின் ஈரத்தைச் சொல்லுகிற கை, வெந்நீரைச் சொல்லாதா என்று நினைத்துவிட்டேன். இருபத்தைந்து நிமிஷமும் கையை உள்ளேயே வைத்திருந்தேன், இதமாகத்தான் இருந்தது. ஐம்பது டிகிரி என்றால் எந்தக் கையும் அதில் நிற்காது என்று லமியா நேற்றுத்தான் சொன்னாள். அத்தை மூடியைத் தொடவே இல்லை, பாத்திரத்துக்கு மூடியே கிடையாது. இந்தக் கவரை ஒட்டாமல் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். என் கடிதத்தைப் படிக்காமல் அவள் ஒருநாளும் தபாலில் போட்டதில்லை.