முதல் பதினாறு பக்கங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் இரண்டே வார்த்தையில் என்னை மடக்கிவிடுவாய், காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ அனுப்பிய நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். அக்கா சாகத் துணிந்த அந்த நாளை எடுத்த எடுப்பிலேயே வைத்திருக்கிறாய். இந்த ஆரம்பத்துக்காகவே பதிப்பாளர் நாவலை வாங்கிக்கொண்டார், மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, எப்படி இருக்கிறது என்று சொல்லம்மா என்றாய். ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், வேறு வேலை ஓடவில்லை.

சிரிக்காதே, ஆரம்பங்களைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் யோக்கியதை உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்தின் பைண்டிங் மேசையில் ஃபாரம் அடுக்குகிறவள் நான். பதினாறு பக்கம் மடித்தால் ஒரு ஃபாரம், ஒன்றின்மேல் ஒன்றாக வரிசை தப்பாமல் அடுக்கினால் புத்தகம். இதில் முதல் ஃபாரம்தான் எப்போதும் பாடாய்ப் படுத்தும். தலைப்பை மாற்று, முன்னுரையில் ஒரு வரி சேர் என்று கடைசி நேரம் வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், கழித்துப் போடும் தாளும் அதில்தான் அதிகம். அதைத்தான் நான் வீட்டுக்கு அள்ளி வருவேன், அலமாரியில் விரிக்க, உன் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட. நீ எழுத்துக் கூட்டிப் படித்ததே டப்பாக்களுக்கு அடியில் இருந்த தாளில்தான். அதனால் நம் வீட்டில் எந்த நாவலுக்கும் முடிவு கிடையாது, வெறும் ஆரம்பங்கள். எத்தனை பிணங்களைப் பார்த்துவிட்டேன் தெரியுமா. முதல் பக்கத்தில் பிணம், இரண்டாம் பக்கத்தில் மழை, மூன்றாம் பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் கதை, அதோடு தாளைத் திருப்பிப் போட்டுவிடுவேன். ஒன்றில் மட்டும் ஒரு பெண் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் விஷயம். அவள் ஏன் இறங்கவில்லை என்று மூன்று வருஷமாகச் சர்க்கரை டப்பாவை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கவலை. உன்னுடையதும் ஆளை எழுந்திருக்க விடாது, அதில் சந்தேகமில்லை. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, அம்மா தோளால் இடிக்கிறாள், மூன்றாவது இடிக்குத் தாழ் தெறித்து விழுகிறது. படிக்கும்போது என் தோள் நிஜமாகவே வலித்தது. சுமாராக எழுதியிருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்திருப்பேன், பாவி, நன்றாக எழுதிவிட்டாய்.

பெயரை மாற்றிவிட்டேன் என்கிறாய். அக்காவின் புருவத்தில் இருக்கும் தழும்பை மாற்றினாயா, நம் பச்சைக் கதவை மாற்றினாயா? பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் அவள் தலை நிமிர்ந்து நடக்கிறாள். தினமும் முப்பது தாய்மார்கள் வேலைக்குப் போகும் வழியில் பிள்ளைகளை அவள் கையில் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் ஒருத்தி உன் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னொருத்தியிடம் சொன்னால் போதாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு நாவலை அடுக்கும்போது என் கவனம் எங்கேயோ போய், முதல் ஃபாரம் கட்டு மேசைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. இருநூறு பிரதிகள் பதினேழாம் பக்கத்தில் ஆரம்பித்து, தைத்து, அட்டை ஒட்டிக் கடைக்கும் போய்விட்டன. நாலு மாதம் ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. எழுதியவர்தான் ஒரு நாள் வந்து மேசையைத் தட்டினார், முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சி எடுத்தார். அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன், முழுப் பிரதி ஒன்று, இந்தக் குறைப் பிரதி ஒன்று, இரண்டையும் படித்துப் பார்த்தேன், ஆரம்பம் இல்லாததுதான் நன்றாக இருந்தது. அந்த மனிதர் கதைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று பதினாறு பக்கத்துக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். உன் இரண்டாம் அத்தியாயத்தில் பையன் ரயில் ஏறுகிறான் என்றாயே, அங்கிருந்தே ஆரம்பித்துவிடு, முதலாவது இருந்தது ஒருவருக்கும் தெரியாது என்று எழுதத்தான் வியாழக்கிழமை உட்கார்ந்தேன். அதற்குள் நான் செய்து வைத்த காரியத்தைக் கேள்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம் சொல்லி உன் அத்தியாயத்தைத் தாளில் எடுத்து வந்திருந்தேன், போனில் படிக்க எனக்குக் கண் தெரிவதில்லை. சரியாகப் பதினாறு பக்கம், கைப் பழக்கத்தில் நடுவில் மடித்தும் வைத்துவிட்டேன். அக்கா கண்ணில் படாமல் எங்கே வைப்பது? தாளை ஒளிக்கத் தாளைவிட நல்ல இடம் உண்டா என்று பெரிய புத்திசாலி மாதிரி கழிவுத் தாள் அடுக்கின் நடுவில் செருகினேன். சனிக்கிழமை நான் வேலை முடிந்து வருகிறேன், அலமாரி டப்பாக்கள் எல்லாம் தரையில் இருக்கின்றன. புதுத் தாள் விரிக்கலாம் என்று அடுக்கிலிருந்து உருவியவள், முக்காலியில் உட்கார்ந்து பதினான்காம் பக்கத்தில் இருந்தாள். முழுவதும் படித்துவிட்டு, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, "நல்லாத்தான்மா எழுதியிருக்கான்" என்றாள். மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டி, "ஆனா நான் தாழ் போடவே இல்லையே, யாராவது வந்து தள்ளுவீங்கன்னு சும்மாதானே சாத்தி வச்சிருந்தேன்" என்றாள்.

தம்பி, அவள் சொன்னதுதான் நிஜம். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், எல்லாரிடமும் கதவை உடைத்தேன் என்றேன். அந்தத் தாழே வேண்டாம் என்று மறுநாள் கழற்றச் சொன்னபோது தச்சர்கூட, "இது உடையவே இல்லையேம்மா" என்றார், நான் காது கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அந்தக் கதவை இரண்டு தடவை கடந்து போனேன், ஒரு தடவை துணிக்கூடையோடு, ஒரு தடவை தண்ணீர் வாளியோடு. காலையில் என்னோடு சண்டை போட்டிருந்தாள், கோபம் தணிந்து தானாக வரட்டும் என்று வீம்பு எனக்கு. மூன்றாவது தடவைதான் கை வைத்தேன், விரல் பட்டதும் திறந்துகொண்டது. இதை எந்த வாயால் சொல்வேன்? சொல்லிச் சொல்லி என் தோளே நம்பிவிட்டது.

அக்கா அத்தியாயத்தை எடுக்கச் சொல்லவில்லை, வைக்கவும் சொல்லவில்லை. "அச்சடிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொல்லும்மா, அது என்னோட நாள்" என்றாள். ஞாயிறு காலையில் அவள் வீட்டில்தான் இருப்பாள், கூப்பிடு. அவள் வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாதே. முதல் ஃபாரம் மெஷினில் கடைசியாகத்தான் ஏறும், பதிப்பாளர் அவசரப்படுத்தினாலும் நேரம் இருக்கிறது, இது எனக்குத் தெரிந்த தொழில். நீயும் அங்கே தனி அறையில் இருக்கிறாய். மனசு சரியில்லாத நாளில் யாராவது வந்து தள்ளட்டும் என்று காத்திருக்காதே, நீயே கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும், உன் புத்தகம் நாலு பேர் கைக்குப் போக வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அக்கா சரி என்று சொன்னால், கதையில் வரும் அந்த அம்மாவைக் கதவை இடிக்க விடாதே. துணிக்கூடையோடு ஒரு தடவை, வாளியோடு ஒரு தடவை, கடந்து போக விடு. எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உன் அம்மா