வேன் படுக்கை: ஓராளுக்கா, ரெண்டாளுக்கா?

பிப். 2, திங்கள்

காலையில் நல்ல பனி. வேன் கண்ணாடி முழுக்க ஈரம். துடைத்துவிட்டு அளவு எடுத்தேன். பின் இருக்கைகளைக் கழற்றின பிறகு உள்ளே இருப்பது:

நீளம், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து பின்கதவு வரை, 6 அடி 1 அங்.
அகலம் 4 அடி, ஒரு விரல் கூட.
கட்டில் உயரம் ஓர் அடி. அதற்குக் கீழே போனால் பின்சக்கரம் உள்ளே புடைத்துக்கொண்டிருப்பது இடிக்கும்.
4 அங்குல மெத்தை போட்டு உட்கார்ந்தால் தலைக்கு மேல் நாலு விரல். ஆகவே மெத்தை அதற்கு மேல் கூடாது.

பத்து மணிக்கு ஆதம்பாக்கத்திலிருந்து தச்சர் டில்லி. பலகையில் வரிசையாக ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்றேன். "இன்னாம்மா, கட்டிலா இட்லித் தட்டா?" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"ஓராளுக்கா, ரெண்டாளுக்கா?"

ஓராள் என்றால் ரெண்டேகால் அடி. பக்கத்தில் அடுப்பு, தண்ணீர் கேன், துணிப்பெட்டி எல்லாம் வைக்கலாம். ரெண்டாள் என்றால் முழு நாலடி. சாமான் எல்லாம் கட்டிலுக்கு அடியில், குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். வெள்ளி காலை பலகை அறுப்பாராம். அதற்கப்புறம் பெருங்குடியில் பெரிய வேலை, ஒரு மாதத்துக்கு வர முடியாது. வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

இவரைக் கேட்க வேண்டும். (கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம், இன்னமும் பெயர் எழுதக் கை வரவில்லை. இவர்தான்.) வேன் வாங்கியது நான், ரிடையர் ஆன கையோடு. ஓட்டப்போவதும் நான். இவருக்கு ஸ்கூட்டரே பயம். முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தினேன், காவிரி எங்கே பிறக்கிறது என்று எத்தனை பிள்ளைகளை எழுத வைத்தேன்! நான் பார்த்தது ஸ்ரீரங்கத்துக் காவிரி மட்டும். தலைக்காவிரியில் ஆரம்பித்து மேற்குக் கரையோரமாகவே மேலே போக வேண்டும்.

இவர் வேனை வாங்கின அன்று சொன்னது ஒன்றே ஒன்று. "லாரி டிரைவர் மாதிரி வண்டிலயே படுத்துக்கற வயசா இது?" அதற்கப்புறம் வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை.

நாலடிக் கட்டில் என்றால் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். பதினொரு வருஷம் ஆயிற்று. பரீட்சை பேப்பர் திருத்தும் சீசன், நான் நாலரைக்கு எழுந்திருக்கணும், இவர் குறட்டை. இன்று ஒரு ராத்திரி மட்டும் என்று தலையணையை எடுத்துக்கொண்டு நடு ரூமுக்குப் போனேன். அவ்வளவுதான். திரும்பி வா என்று இவரும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

இடுப்பு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பிப். 3, செவ்வாய்

தி.நகர். மெத்தைக் கடை. வெயில் பதினொரு மணிக்கே ஏறிவிட்டது. வேனை நிறுத்த மூன்று தெரு சுற்றினேன்.

படுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றதும் கடைக்காரருக்கு முகம் போன போக்கு! தெற்கத்திக்காரர். "கைய வச்சு அமுக்கிப் பாத்தாலே தெரிஞ்சிரும்லாம்மா." கையை வைத்தா தூங்குவேன் என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிப் படுத்தேன். மல்லாந்து ஐந்து நிமிஷம், ஒருக்களித்து ஐந்து நிமிஷம். பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கட்டும்.

இலவம் பஞ்சு: சுகம்தான், ஆனால் ஆறு மாதத்தில் கட்டி தட்டும், வெயிலில் போட்டு எடுக்கணும்.
ஃபோம்: முதல் நிமிஷம் சொர்க்கம். ஐந்தாம் நிமிஷம் முதுகு வேர்வை. நம் ஊருக்கு ஆகாது.
மூன்றாக மடிக்கிறது: மடிப்பு சரியாக இடுப்புக்கு அடியில் வருகிறது. கூடவே கூடாது.
தேங்காய் நார், மேலே ரப்பர்: முதலில் விறைப்பு. பத்து நிமிஷம் கழித்து எழுந்திருக்க மனசில்லை. இதுதான்.

"அகலம் எவ்வளவும்மா? சாருக்கும் சேத்து நாலடியா எடுத்துருங்க. பொறவு ஒராளு தரையில கெடக்கக் கூடாதுல்லா."

அகலத்தைப் பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஊரில் எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய மனுஷர் மட்டும் பேப்பரில் குறுக்கெழுத்து.

ராத்திரி ரசம் சாதம். ரெண்டு பேரும் பேசவில்லை. உப்பு போதவில்லை, அதைக்கூடச் சொல்லவில்லை!

பிப். 4, புதன்

கோலமாவை எடுத்து ஹாலில் கோடு போட்டேன். வேன் உள்ளளவு அப்படியே. அதற்குள் ரெண்டேகால் அடியில் இன்னொரு கோடு. கண்ணால் பார்த்தாலாவது ஏதாவது சொல்வார் என்று.

இவர் எழுந்து வந்தார். பார்த்தார். சுற்றிக்கொண்டு போய் காப்பி எடுத்துக்கொண்டார். சுற்றிக்கொண்டே திரும்பி வந்தார். குளிக்கப் போகச் சுற்று, பூஜைக்குச் சுற்று, சாப்பிடச் சுற்று. நாள் முழுக்க ஒரு தடவைகூடக் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை. யார் வீட்டு ஹாலோ மாதிரி! வாயில் என்ன கொழுக்கட்டையா? இது என்ன கோடு என்று ஒரு வார்த்தை?

நான்தான் கேட்டிருக்கலாம். ஏன் நான்? சமைக்க நான், பால் கார்டுக்கு நான், வேனுக்கு நான், கூப்பிடவும் நானா? கூப்பிட்டு, "உனக்கு வேற வேலை இல்லை" என்று ஒரு சிரிப்பு வந்தால்? அதை வாங்கிக்கொண்டு அதே ஹாலில் மிச்ச காலத்தை ஓட்டணும்.

மூன்று மணிக்கு ஈரத்துணியால் அத்தனையும் துடைத்துவிட்டு டில்லிக்கு போன் போட்டேன்.

"ஓராளுக்கு. ரெண்டேகால்."

"சரிம்மா. வெள்ளிக்கெயம காலைல அறுத்துடறேன்."

ஒரு நாள் முன்னாலேயே சொல்லியாயிற்று. நிம்மதி. நிம்மதி என்று எழுதினால் வந்துவிடுமா என்று பார்க்கிறேன்.

பிப். 5, வியாழன்

புனேயிலிருந்து பெண் போன். "அப்பா வராரோன்னோ?" நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

வாங்க வேண்டியது: தைலம், ஜன்னல் கொசுவலை, ரெண்டு பருத்தி விரிப்பு (ஒன்று போதும்), டார்ச்.

மாலை காப்பி. பால்கனியில் நின்று கீழே வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று,

"அதுல தலை எந்தப் பக்கம் வரும்?"

"டிரைவர் சீட் பக்கம்."

"வண்டி வடக்க பாத்து நின்னா?"

"நின்னா நிக்கட்டும்."

"வடக்க தலை வெச்சுண்டு படுக்கப்படாது. தினம் ஒரு இடத்துல நிறுத்துவே, தினம் திசை மாறும். தலகாணியை ரெண்டு பக்கமும் மாத்திக்கற மாதிரி இருக்கணும். பின்கதவுப் பக்கம் தலை வெச்சா கைப்பிடி இடிக்குமே, பாத்தியா?"

முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தினவளுக்குத் திசை பாடம்! எனக்கு வந்ததே கோபம்.

"படுக்கப்போறது நான். உங்களுக்கென்ன?"

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டு. கண்ணாடி இல்லாமல் எந்த சாமி தெரியும்?

திரும்பி வந்தது எட்டு மணிக்கு. பசியில்லை என்றார்.

பிப். 6, வெள்ளி

அடுப்பில் பால் பொங்கி வழியும்போதுதான் மண்டையில் உறைத்தது.

வரப்போகாத மனுஷனுக்கு வடக்கு எதற்கு?

கைப்பிடி இடிக்குமா என்று கேட்டாரே. யார் தலையில் இடிக்கும்? நான் ஐந்தடி ஒரு அங்குலம், எனக்கு எங்கேயும் இடிக்காது. இவர்தான் கிட்டத்தட்ட ஆறடி. எப்போதோ கீழே போய்ப் பார்த்திருக்கிறார்! பத்து நாளாக வாயைத் திறக்காதவர் திறந்து கேட்டது அதைத்தான். நான் உங்களுக்கென்ன என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

மணி ஏழு இருபது. டில்லிக்கு போன். எடுக்கவில்லை. மறுபடி. நாலு தடவை. பாலைத் துடைக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடையாறு பாலத்தில் இருபது நிமிஷம் நின்றேன், ஒரு பஸ் நகரமாட்டேன் என்றது. முருகா, ஒரு கால் மணி லேட்டாக மெஷினைப் போடட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

தெருமுனையிலேயே ரம்பச் சத்தம். பட்டறை வாசலில் நிறுத்தும்போது சத்தம் நின்றுவிட்டது.

"வாங்கம்மா, கரீட்டா வந்தீங்கோ. இப்பதான் அறுத்துப் போட்டேன்."

"போன் எடுக்க மாட்டீங்களா டில்லி?"

"மெஷின் சத்தத்துல இன்னாம்மா கேக்கும்?"

"எனக்கு நாலடி வேணும்."

"முந்தாநேத்து நீங்கோதான ரெண்டேகால்னு சொன்னீங்கோ! சாரு வராரா?"

"தெரியாது."

"தெரியாமயே நாலடியா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சுவரோரமாகக் கை காட்டினார். "மிச்சத் துண்டு அங்கதான் கீது. ஒன்னேமுக்கா அடி. ரெண்டையும் சேத்தா அதே நாலடி. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், ஒட்டு ஒட்டுதான். கீல் போட்டுத் தரேன், வேணும்னா விரிச்சுக்கோங்கோ, வேணாம்னா மடக்கிக்கோங்கோ."

"மடக்க வேண்டாம். அடியில கட்டை குடுத்து அறைஞ்சுடுங்க."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

யோசித்ததில்தானே இத்தனை கோளாறும். அறையச் சொன்னேன்.

சாயங்காலம் கட்டிலோடு வீடு வந்து சேர்ந்தேன். வேனில் திரை போட்டு மூடிவிட்டேன். இன்றைக்குக் கேட்கத் தைரியம் இல்லை. எங்கே போனாய் என்று கேட்டார், டில்லியிடம் என்றேன். "பால் வழிஞ்சிருந்தது, துடைச்சுட்டேன்" என்றார்.

பிப். 7, சனி

சரியான தூக்கமில்லை. ஆறரைக்கு எழுந்து பார்த்தால் இவர் படுக்கை காலி. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே வேன் பின்கதவு திறந்திருக்கிறது. இவர் குனிந்து, பலகையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். ஒரு சாண், ரெண்டு சாண். ஒட்டு வந்த இடத்தில் கை நின்றது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி, மூணு சாண், நாலு, அஞ்சு.

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

"வரேளா?"

நிமிரவில்லை. பலகையைப் பார்த்தே பேசினார்.

"நீ கேக்கவே இல்லையே."

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீதான் எழுந்து போனே" என்றார். வேனைப் பற்றி இல்லை. எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பதினொரு வருஷமாக நான் எழுதி வைத்திருந்த கணக்கில் இவர்தான் கூப்பிடாதவர்.

"குறட்டை விடுவேன்" என்றார்.

"தெரியும்."

"வெளியே போய் நின்னுப்பேன், நீ தூங்கற வரைக்கும்."

"அசடு மாதிரி பேசாதேங்கோ. காப்பி ஆறிப்போறது, வாங்கோ." காப்பியே போடவில்லை அதுவரைக்கும்.

மத்தியானம் ரெண்டு பேரும் தி.நகர். படுத்துப் பாருங்கள் என்றால் மாட்டேன் என்கிறார், வெட்கம். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்லா." நார் மெத்தை, நாலு அங்குலம், நாலடி. விரிப்பு ரெண்டு.

பிப். 8, ஞாயிறு

வெள்ளோட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டினப்பாக்கம், கடலோர ரோடு. நல்ல காற்று. மீன் விற்கும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ல எடம் இல்லியா?" என்றாள். இவர் திரையை இழுத்துவிட்டார்.

கடல் வலப்பக்கம், ஆகவே வண்டியின் மூக்கு வடக்கே. டீச்சர் சொன்னால் போதாதா? போனில் திசைகாட்டி பார்த்து உறுதி செய்துகொண்டார். தலையணைகளைத் தூக்கிப் பின்கதவுப் பக்கம் போட்டோம். கைப்பிடியில் துண்டு சுற்றியாயிற்று.

ஒன்னேமுக்கால் அடிப் பக்கம் இவர் படுத்துக்கொண்டார். அது குறுகல், மாறிக்கொள்ளலாம் என்றேன்.

"வேண்டாம். பழகிக்கறேன்."

ரெண்டு பேருக்கும் உடம்பு விறைத்துக்கொண்டு கிடந்தது, டாக்டர் பரிசோதிக்கிற மேஜையில் கிடக்கிற மாதிரி. முழங்கை பட்டது. "சாரி" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் சாரி. எனக்கு ஏனோ அழுகை வந்தது, திரும்பிப் படுத்துக்கொண்டேன். மெத்தை விறைப்பு பத்து நிமிஷத்தில் போய்விட்டது. இடுப்புக்கு இதம். ஒட்டு தெரியவில்லை, கையால் தேடினால்தான் தெரிகிறது.

குறிக்க வேண்டியது: கொசுவலை இடப்பக்கம் ஒரு விரல் குறைகிறது. இவருக்கு உயரத் தலையணை. தண்ணீர் கேன் உருளுகிறது, கயிறு.

மணி மூன்று பத்து. ஆரம்பித்துவிட்டது. அதே குறட்டை, கொஞ்சம் வயசாகி, நடுவில் ஒரு விசிலோடு. பழக்கதோஷம், தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு விரல் இடைவெளியில் கூரை.

எழுந்து போக வேறு ரூம் இல்லை.