அப்பா பூ வரைந்த நாற்காலி

பில்சென், சிகாகோ
பிப்ரவரி 9

அன்பு மகள் மரிபெலுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் நலமாயிருக்க குவாதலூப்பே மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ சின்ன வயதில் உட்கார்ந்து சாப்பிட்ட நாற்காலியைப் பிள்ளைக்கென்று கேட்டிருந்தாயே, அதைப் பற்றி எழுதக் கை ஓடவில்லை. போன வாரம் முழங்கால் உயரத்துக்குப் பனி, அரை நாள் வாரிக் காரை வெளியே எடுத்தேன். வாரிய இடத்தில் எதையாவது போட்டு வைக்காவிட்டால் அடுத்தவன் காரை நுழைத்துவிடுவான், உனக்குத் தெரியாததா. உடைந்த இஸ்திரி மேசை இருந்தும் உன் நாற்காலியைத்தான் போட்டேன். எல்லாம் வீம்பு. பதினாறாம் தெருச் சுவரில் அப்பா உயிரோடிருந்தபோது தீட்டிய சித்திரத்தின் மேல் கட்டடத்துக்காரன் சாம்பல் நிறம் பூசிய பிறகு அவர் கைப் பூ மிச்சமிருந்தது அந்த நாற்காலி முதுகில்தான், தெரு பார்க்கட்டும் என்று நினைத்தேன். நம் தெருவில் அடுத்தவர் நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள், மாநகராட்சி லாரிக்கு அந்த மரியாதை ஏது?

கந்தேலாரியா மெழுகுதிரித் திருநாளுக்குக் கோயில் அடித்தளக் கூடத்தில் எல்லாரோடும் தமாலே மாவைச் சோளமடலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஃபிதென்சியோ மூச்சிரைக்க வந்து, ஏம்மா, நாற்காலியெல்லாம் அள்ளிட்டுப் போறான், சீக்கிரம் ஓடியா என்றார். இருய்யா, இந்தப் பானை வெந்துடட்டும் என்று சொல்லிவிட்டு ஊர்வம்பு கேட்டுக்கொண்டிருந்தேன் பாவி. போனபோது இடம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. குப்பைக் கிடங்கு வரை போய்க் கிளறினேன், அகப்படவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்தில் காரை நிறுத்த இன்றுவரை மனசு வரவில்லை.

அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் பூவ வரைஞ்சு அனுப்பிடு, பொண்ணுக்கு எங்க தெரியப்போவுது என்றார் ஃபிதென்சியோ. வாங்கினேன், வரைந்தேன். செண்டுமல்லி முட்டைக்கோசாக வந்திருக்கிறது. அதை அப்பா பெயரில் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டி வந்ததும் திறந்து பார், அது என் கை. பிள்ளையிடமும் அப்படியே சொல்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பனியில் பார்த்து நட. சுகப்பிரசவமாகி, பிள்ளையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. திட்டுவதானால் வாய் வலிக்கத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
கொன்சுவேலோ