உங்கள் படத்தின் கீழே இன்னொருவர் பெயர்

என் ஆசை அக்கா,

கப்பல்துறைப் பக்கம் காட்டுக்குள் ஓர் ஓவியக் கூடம் திறந்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். நான் சந்தேகத்தில்தான் போனேன். உங்களோடு வேலை செய்த டெரன்ஸ் அண்ணன், உங்கள் செத்தவீட்டுக்கு வந்தபோது, "ஈரத்தில பழுதாப் போயிடும், நான் பத்திரமா வச்சிருக்கிறன்" என்று உங்கள் படங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு போனில் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்தார். இப்போது அவருடைய ஓவியங்கள் அங்கே இருக்கின்றனவாம். அவர் எப்போது படம் கீறத் தொடங்கினார்?

பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த இடம். மரங்களை வெட்டாமல் இடையிடையே சின்னக் கட்டடங்கள். பாதையோரச் சிலைகளின் தலையில் குரங்குகள் குந்தியிருந்தன. அழகுதான். அந்த அழகையும் நான் நம்பவில்லை.

ஒரு கட்டடத்தின் சுவரில் என்னைக் கண்டேன். நிலாவெளிக் கரையில், கரைவலைக் கயிற்றுக் குவியலில் இருக்கும் சின்னப் பிள்ளை. நாடியில், உதட்டுக்குக் கீழே, தழும்பு. "அதைக் கீறாதேங்கோ" என்று நான் அழ, "உள்ளதை மறைக்க ஏலாது" என்று சொல்லிக் கீறினீர்களே, அதே படம். கீழே டெரன்ஸ் அண்ணனின் பெயர்.

அவரே படத்துக்கு முன்னால் நின்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இது குச்சவெளியில நான் கண்ட பிள்ளை." பின்னால் நின்ற என்னை அவர் காணவில்லை.

"அந்தப் பிள்ளையின்ர நாடியில என்ன?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு நிழல்" என்றார், திரும்பாமலே.

நான் முன்னால் போய், படத்துக்குப் பக்கத்தில் நின்று முகத்தை நிமிர்த்தினேன். எல்லோரும் படத்தையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். அவருடைய முகம் வெளிறிப்போனது.

"தங்கச்சி, வெளியில வாங்கோ, கதைப்பம்."

"ஏன்? இங்கயே கதையுங்கோ. இது ஆர் கீறின படம்?"

வந்தவர்களையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், "உங்கட அக்கா" என்றார்.

கூடத்தின் பொறுப்பாளர் அம்மா அதைக் கேட்டுவிட்டார். பெயர் அட்டையைக் கழற்றினார். "விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறம்" என்றார். நான் வந்த பிறகு அந்த அட்டையைத் திரும்பவும் மாட்டியிருப்பார்களோ?

பக்கத்துச் சுவரில் அவருடைய பெயரில் கடல் படங்கள் தொங்கின. அவையும் உங்களுடையவையா, அக்கா? எனக்கென்றால் முகம் இருந்தது. கடல் வந்து பக்கத்தில் நின்று சாட்சி சொல்லுமா?

நாளைக்கும் போவேன். அந்தப் படத்தின் கீழே உங்கள் பெயரை என் கண்முன்னால் மாட்டும்வரை விடமாட்டேன்.

நீங்கள் தழும்போடு கீறிய தங்கச்சி,
ஜெசி