கரையும் வேண்டும், கிணறும் வேண்டும்

ஓடைச்செவல்,
சாத்தூர் தாலுகா.
சோபகிருது வருஷம் தை மாதம் 12.

அன்பு மகள் சுப்புலட்சுமிக்கு அம்மா சண்முகத்தாய் எழுதிக்கொண்டது. இருக்கன்குடி மாரியம்மாள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி வெள்ளைத்துரையும் ஆடு மாடு உள்பட ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பொங்கலுக்கு அனுப்பிய சேலைப் பார்சல் வந்து சேர்ந்ததா, அங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது என்று எழுதியிருந்தாய், பிள்ளைக்குத் தலையில் துணி கட்டாமல் வெளியே தூக்காதே, மாப்பிள்ளை ஆலையில் இருந்து வந்ததும் சூடாக மிளகு ரசம் வைத்துக் கொடு, இங்கிருந்து போன மிளகாய் வற்றல் காரம் அதிகம், கையை அளந்து போடு. இனி நான் சொல்லவந்த சேதியைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி, அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி. நம் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதடி. தெருவில் குழாய், குழாயில் தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர். ஆற்றுக்குக் கரையும் எழும்பிவிட்டது. இத்தனையும் நடந்ததை உனக்கு இதுவரை விவரமாக எழுதாததற்குக் காரணம், இடையில் உன் அப்பாவும் நானும் ஒரு மாதத்துக்கு மேல் முகம் பார்த்துப் பேசவில்லை, அதைப் போய் ஊர் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். இப்போது சிரித்துக்கொண்டே எழுதலாம்.

போன மாசியில் ஊர்க்கூட்டம் போட்டு, சாத்தூருக்கும் மதுரைக்கும் மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது, நேரே மதராசுக்கே போய்க் கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. பஞ்சாயத்துத் தலைவர் சுந்தரபாண்டி அண்ணன், ஊர்ப் பெரியவர் என்று உன் அப்பா, பெண் மெம்பர் என்று நான், மூன்று பேரும் விருதுநகரில் ரயில் ஏறினோம். கோட்டை வாசலில் சுந்தரபாண்டி அண்ணன் கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், காவலுக்கு நின்றவர் சிரித்துவிட்டு போட்டுக்கிட்டே போங்க பெரியவரே என்று உள்ளே விட்டார். அங்கே ஒரு அதிகாரி எங்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருவதையும், சித்திரையில் அதே ஆற்றில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் கோருவதையும் நாங்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிப்போயிற்று. ஆனால் கடைசியில் அவர் சொன்னது இதுதான். இந்த வருஷம் ரெண்டு வேலைக்கும் சேர்த்து நிதி ஒதுக்க முடியாதும்மா, வெள்ளத்துக்குக் கரை கட்டவா, குடிதண்ணிக்குக் கிணறு வெட்டவா, ஊர்கூடி ஒரே வாக்காச் சொல்லுங்க, இடத்தைப் பார்க்க ஒரு எஞ்சினியரை அனுப்பி வைக்கிறோம் என்றார். ரயிலில் திரும்பி வரும்போது உன் அப்பா கரை என்றார், நான் கிணறு என்றேன். திருச்சி வரைக்கும் மெதுவாகப் பேசினோம், மதுரை வரைக்கும் சத்தமாகப் பேசினோம், விருதுநகரில் ஆளுக்கு ஒரு வாசல் வழியாக இறங்கினோம்.

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தின ஐப்பசியில் நம் ஆற்றோரத்து மிளகாய்த் தோட்டத்தில் வெள்ளம் மணலைக் கொட்டிவிட்டுப் போனதும், பக்கத்து வீட்டு மூக்கம்மாள் மதினியின் மண்சுவர் கரைந்து அவள் கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதும் உனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர்க் கஷ்டத்தை உனக்கு நான் சொல்லவேண்டுமா, நீயும் என்னோடு அந்த ஊற்றில் குனிந்தவள்தானே. ஊர்க் கிணறெல்லாம் உப்பு. ஊரே இரண்டாகப் போயிற்று, ஆம்பிளைகள் எல்லாம் கரைக் கட்சி, பொம்பிளைகள் எல்லாம் கிணற்றுக் கட்சி. நம் வீட்டில் பேச்சு வார்த்தை எருமையோடுதான். சோறு இருந்தா வைக்கச் சொல்லு என்று உன் அப்பா எருமையைப் பார்த்துச் சொல்வார். ஊத்துல தண்ணி ஊறினாத்தானே ஒலை வைக்கன்னு சொல்லு என்று நானும் எருமையிடமே சொல்வேன். அது பாவம் இரண்டு பக்கமும் தலையாட்டும். சிவகாசியில் அச்சுக் கம்பெனியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் வெள்ளைத்துரை, அங்கன கம்பெனில மிசினு சத்தம், இங்கன வந்தா ஊமைப் படமால்ல இருக்கு என்று கேலி பேசிவிட்டுப் போவான். சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, ஒரே வாக்காகச் சொல்லாவிட்டால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. சுந்தரபாண்டி அண்ணன் இரண்டு தடவை கூட்டம் போட்டார், இரண்டு தடவையும் கூட்டம் சண்டையில் கலைந்தது.

சித்திரை கடைசியில் எஞ்சினியர் வந்தார். சீனிவாசகம் என்று பேர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெலிந்த உடம்பு, நல்ல மனுஷன். அக்கரையில் ஜீப்பை விட்டுவிட்டு மணலில் இறங்கி நடந்து வந்து, சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார். உன் அப்பா அவர் பக்கத்திலேயே நின்று கரை எங்கே உடையும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பெண்கள் கொஞ்சம் மேற்கே தள்ளி ஊற்றில் இருந்தோம், நான் இடுப்பளவு பள்ளத்துக்குள் இறங்கிக் கோரிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் மேற்கே மலையில் கோடை மழை கொட்டியிருக்கிறது, அது யாருக்குத் தெரியும். திடீரென்று மேட்டில் ஆடு மேய்த்த பலவேசம், ஏலே ஆறு வருது, கரையேறுங்க, ஆறு வருது என்று கத்தினான். நான் பள்ளத்துக்குள் குனிந்திருந்ததால் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. மற்றவர்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியது தெரிந்து ஏற முயன்றால் ஊற்று மணல் காலை உள்ளே இழுக்கிறது. அப்போது உன் அப்பா செய்ததைக் கேள். எஞ்சினியர் கையைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்தே ஓடி வந்தார். கல்யாணமான நாளில் இருந்து நாலு பேர் முன்னால் என் பேரைச் சொல்லாத மனுஷன், ஏ சண்முகத்தாயீ, கையைக் குடு, கையைக் குடு தாயீ என்று ஆறு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். தோளைப் பிடித்து என்னை இழுத்து மேலே போட்டு, இரண்டு பேரும் கரையேறித் திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் செம்மண் நுரையும் முள்ளும் கட்டையும் சுருண்டு போகிறது. அவர் என்னையே பார்த்து, ஏன்டி, சத்தம் கேக்கலையா உனக்கு என்று அதட்டினார். மூக்கம்மாள் மதினி அந்த நிலைமையிலும், எருமைகிட்டச் சொல்லிவிட்டிருக்கலாமே அண்ணாச்சி என்று சொல்ல, பயத்தில் நின்ற கூட்டம் எல்லாம் சிரித்துவிட்டது. இன்றைக்கும் தெருவில் என்னைக் கண்டால் பெண்பிள்ளைகள் சண்முகத்தாயீ என்று அவர் குரலிலேயே கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள்.

ஜீப் அக்கரையில், எஞ்சினியர் இக்கரையில், தண்ணீர் வடிகிற வரைக்கும் நம் வீட்டில்தான் தங்கினார். வெயிலில் நின்றவர், ஓடியவர், தாகத்தில் நாக்கு வறண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார். கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர், கொடுக்க ஒரு செம்பு தண்ணீர் இல்லை. ஊற்று எல்லாம் மூடிப்போயிற்று, வீட்டுக் குடம் காலி, ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர் துப்பமுடியாமல் விழித்தார். கடைசியில் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து, தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு மண் அடியில் தங்குகிறதா என்று நான் குடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தெளிந்த பிறகு காய்ச்சி ஆற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, முடிவாச் சொல்லுங்க, உங்களுக்கு எது முதல்ல வேணும் என்று கேட்டார். கிணறு ஐயா என்றார் உன் அப்பா. அதே மூச்சில் கரை ஐயா என்றேன் நான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம். இம்புட்டு நாளும் கரை கரைன்னீகளே என்று நான் அவரிடமே நேராகக் கேட்டேன். நீ அந்தக் குழிக்குள்ள நின்னதைப் பார்த்தபெறகு எனக்குக் கரை எதுக்குத் தாயி, இனிமே நீ அங்கன எறங்கக் கூடாது என்றார். எனக்கானால், வெள்ளம் அவரையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்குமே என்ற நினைப்பு. எஞ்சினியர் செம்பைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், நல்ல தண்ணி ஆத்துப் படுகையிலதான் இருக்கு, அங்க கிணறு வெட்டினா கரை இல்லாம வெள்ளத்துக்கு நிக்காது, ரெண்டு வேலை இல்லைம்மா இது, ஒரே வேலைதான், அப்படித்தான் எழுதப்போறேன் என்றார். சொன்னபடியே எழுதினார். மதராசில் இரண்டு இலாகாவும் சேர்ந்து பேசி ஆவணியில் உத்தரவு வந்தது. சுந்தரபாண்டி அண்ணன் அதை ஊர் நடுவில் நின்று வாசித்தபோது பாதி எழுத்து புரியவில்லை, ஆனாலும் ஊர் குலவை போட்டது.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கரை நேராகப் போகவேண்டும் என்றால் நம் மிளகாய்த் தோட்டத்தின் ஊடே போகவேண்டும் என்று அளந்து சொன்னார்கள். எந்தத் தோட்டத்தைக் காப்பாற்றத்தான் உன் அப்பா கரை கேட்டாரோ அந்தத் தோட்டமே பாதி போகிறது. இரண்டு நாள் அவர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் காலையில் மண்வெட்டியோடு போய் முதல் வெட்டு அவரே வெட்டினார். வளைச்சுக் கட்டினா வளைஞ்ச எடத்துலதான ஒடையும், போகட்டும், மிச்சத்துல வெதைச்சுக்கிருவோம் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஊரே மண் சுமந்தது. ஐப்பசியில் ஆறு வந்தபோது நம் பக்கத்துக் கரை முடிந்து புல்கூட முளைக்கவில்லை. வைக்கோல் புரியும் முள்ளுமாகப் போட்டு எல்லாரும் கரைமேல் நின்றோம். ஒரு இடத்தில் கசிந்தது, வெள்ளைத்துரையும் கூட்டாளிகளும் மூட்டை மூட்டையாக மண் போட்டு அடைத்தார்கள். தண்ணீர் விளிம்பு வரை வந்து, நின்று, பிறகு மெல்ல இறங்கிற்று. மூக்கம்மாள் மதினி வீட்டுக் கோழி ஒன்றுகூட நனையவில்லை.

வெள்ளம் வடிந்ததும் படுகையில் கிணறு வெட்டி, அங்கிருந்து தெருவுக்குக் குழாய் பதித்தார்கள், குழாய் திறப்பு தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை நடந்தது. அழைப்பிதழை வெள்ளைத்துரை கம்பெனியில் அச்சடித்துக் கொண்டுவந்தான், காலண்டர் லட்சுமி படத்தை மேலே போட்டு ஏழெட்டு வர்ணத்தில் அடித்திருந்தான், கல்யாணப் பத்திரிகை தோற்றது போ. சீனிவாசகம் ஐயாவும் வந்திருந்தார், முதல் செம்பை அவர் கையில்தான் கொடுத்தோம். குழாயில் முதலில் காற்று, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு தெளிவாக. அன்றைக்கு நடந்த ஆட்டமும் பாட்டமும் எழுதினால் இந்தக் காகிதம் போதாது. ஆனால் எனக்குப் பெரிதாகப்பட்டது மறுநாள் காலையில் நடந்ததுதான். எப்போதும் ஊற்றுக்குப் போகிற நேரத்துக்கு முழிப்பு வந்து, இருட்டோடு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். பார்த்தால் மூக்கம்மாள் மதினியும் குடத்தோடு நிற்கிறாள், அடுத்த வீட்டுக்காரியும் நிற்கிறாள், தெரு நெடுக நிற்கிறார்கள். எங்கே போகிறோம் என்று ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் பிடித்தோம், கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இன்னும் விடியவே இல்லை. எதிரே ஒரு காலைப்பொழுது முழுசாகக் கிடக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்தோம். பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். வெயில் முகத்தில் அடித்தபிறகும் எழுந்திருக்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை.

மாரியம்மாள் உன் குடும்பத்தைக் கண் போலக் காக்கட்டும், பேரன் ஆயுசும் அறிவுமாக வளரட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு. பங்குனியில் கோயில் பொங்கலுக்கு லீவு கேட்டுக் கட்டாயம் வரவேண்டும், எந்த ரயில் என்று முன்னாலேயே எழுதினால் வெள்ளைத்துரை விருதுநகர் ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பான். மறக்காமல் பேரன் கால் அளவை நூலில் எடுத்துக் கடிதத்தோடு வை, சாத்தூரில் வெள்ளித் தண்டை செய்யக் கொடுக்கவேண்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
ச. சண்முகத்தாய்

இதை உன் அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உன் பேரை நான் சொல்லிக் கூப்பிட்டதை மட்டும் அடித்துவிடு என்றார். நான் அடிக்கவில்லை.