காருக்குள் கோழி இறகு

1938, தை 9, சனி

மலைமேல் உள்ள திருப்புலி நாட்டு மிளகு இன்று இறங்கியது. கருப்பண்ணனும் அவன் பங்காளிகளும் மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து, காளப்பநாயக்கன்பட்டியில் என் கடை வாசலில் போட்டார்கள். இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தேன். காது வரை காரம். இருந்தும் விலை பேசும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டேன். கருப்பண்ணன் விடுவானா? "யாவாரி மூஞ்சியச் சுளிச்சா மொளகு நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்று தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தான்.

எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை. அவன் மனைவி பாவாயிக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் பிறக்கும்போதே போய்விட்டன. போன மாதம் என் மனைவி அம்சவேணி அவளை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். வலி கண்டதும் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். முன்பே வந்து எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றால் கருப்பண்ணனின் தாயார் சம்மதிக்கவில்லை. வலி காணும் வரை மருமகள் மலையிறங்கி ராத்தங்குவதில்லை என்று குலசாமிக்கு நேர்ந்திருக்கிறாளாம். சாமியிடம் நான் பேரம் பேச முடியாது.

ஆகவே ஏற்பாடு இது. வலி கண்டால் கீழே தெரியும்படி முகப்புப் பாறையில் பச்சைத் தழையைப் போட்டுப் புகை எழுப்புவார்கள். தூளி கட்டி அவளை இறக்குவார்கள். அடிவாரத்தில் என் கார் நிற்கும். மாட்டு வண்டியில் நாமக்கல் போக அரை நாளாகும், காரில் ஒரு மணி நேரம்.

"காரு வந்துருமுங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்சவேணி, "வந்துரும் கண்ணு, தைரியமாப் போ" என்று சொல்லிவிட்டாள். வாக்கு அவளுடையது. கார் என்னுடையது.

தை 12, செவ்வாய்

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தம்தான் தொல்லை. கிளம்பும்போதெல்லாம் அடியிலிருந்து கீச்சென்று ஓர் அலறல். சந்தைக்கூட்டமே திரும்பிப் பார்க்கிறது. எஸ்டேட் துரை வைத்திருந்து, அவருக்குப் பின் ஒருவர் வைத்திருந்து, மூன்றாம் கையாக எனக்கு வந்த டூரிங் கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுகிறோம். இதற்கு மேல் அதனிடம் மரியாதை எதிர்பார்க்க முடியாது.

அம்சவேணி அந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். இன்று டிரைவர் வேலப்பனிடம், "என்னத்துக்குப்பா இப்படிக் கத்துது?" என்று கேட்டாள். அவன் கால் வைக்கும் பலகையைத் தூக்கிக் காட்டினான். கிளச்சு என்பது அதுதான். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிண்ணம் மாதிரி ஓர் இரும்பு, அதைச் சுற்றித் தோல். தோல் கவ்விப் பிடித்தால்தான் என்ஜினின் வேகம் சக்கரத்துக்குப் போகும். "தோலு காஞ்சு கெடக்குதுங்கக்கா, அதான் கத்துது" என்றான்.

காரை யாரும் தொடக்கூடாது, வேலப்பனைத் தவிர, என்று சொல்லி வைத்தேன்.

தை 16, சனி

சத்தம் நின்றுவிட்டது! தானாகவே. வெண்ணெய் மாதிரி கிளம்புகிறது.

தை 20, புதன்

நாமக்கல் போகும் வழியில், கல்லுப்பள்ளத்து ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. நின்றது என்றும் சொல்ல முடியாது. என்ஜின் காட்டுக்கத்தலாகச் சுற்றுகிறது, கார் மட்டும் கிழவி மாதிரி முனகிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. பிறகு மெல்லப் பின்னால் வழுக்கியது. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

"இழுவை இல்லீங்க மொதலாளி."

"நேத்து இருந்துச்சே?"

"நேத்து மூட்டை இல்லீங்களே."

மூட்டைகளை இறக்கி, காரை மேலே தள்ளி, மறுபடி ஏற்றினோம். மிளகு வாங்க வந்திருந்த ஆள் காத்திருந்து போய்விட்டான். அது போகட்டும். மூட்டையை இறக்கி வைக்கலாம். பிரசவ வலியில் இருப்பவளை நடு ரோட்டில் இறக்கி வைக்க முடியுமா?

தை 24, ஞாயிறு

கார் வைத்திருப்பவனுக்குத்தான் எத்தனை வைத்தியர்கள்! ராசிபுரத்து மெக்கானிக் என்ஜினுக்கு வயதாகிவிட்டது, பிஸ்டன் வளையம் மாற்ற வேண்டும் என்கிறான். சேந்தமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் பெட்ரோல் குழாயில் தூசி என்கிறான். அவன் ஊதியும் பார்த்தான், வாயெல்லாம் பெட்ரோல் ஆனதுதான் மிச்சம்.

நாமக்கல் பெட்ரோல் பங்கில் இன்னும் இரண்டு கார்க்காரர்கள் அகப்பட்டார்கள். ஒருவர் அரிசி மில்காரர். அவர் காரில் ஓடும்போதே கியர் தானாக நழுவிக்கொள்கிறதாம், கம்பியைக் கையால் பிடித்தபடியே ஓட்டுகிறாராம். மற்றவர் பஸ் விடுபவர். ஏற்றம் வந்தால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ளுகிறார்களாம். "தள்ளறதுக்கும் சேத்து டிக்கெட்டுன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். மூவரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தபோது அம்சவேணி வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிறாள். "சரியாப் போச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

தை 27, புதன்

மூட்டையே இல்லாமல் காலி கார் ஏற்றத்தில் திணறியது. பெட்ரோல் மட்டும் தண்ணீராகச் செலவாகிறது. கருகிய வாடை ஒன்று வேறு. எங்கோ முகர்ந்த வாடை. பிடிபடவில்லை.

காரைக் குனிந்து பார்த்தபோது கால் பலகை இடுக்கில் ஒரு கோழி இறகு. எனக்குப் பளிச்சென்று எல்லாம் புரிந்துவிட்டது. நான் கடையில் இருக்கும் நேரத்தில் வேலப்பன் காரை வாடகைக்கு விடுகிறான்! சந்தைக்குக் கோழிக் கூடை ஏற்றியிருக்கிறான். அளவுக்கு மீறி ஏற்றி ஏற்றித்தான் இழுவை போயிருக்கிறது. யாவாரியிடமா மறைப்பது?

கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

"கோழியுங்களா? நானுங்களா?" என்றான். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சாவியை மிளகு மூட்டை மேல் வைத்துவிட்டு, "ஏத்துன கோழி முட்டை வெச்சிருக்குதான்னும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும்.

தை 28, வியாழன்

வேலப்பன் வரவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மலையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. புகை தெரிந்தால் என்ன செய்வேன்?

தை 29, வெள்ளி

மத்தியானம் சாப்பிட முன்னதாகவே வந்தேன். தை வெள்ளி என்று வீடு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. அம்சவேணியைக் காணோம். கார்க் கொட்டகையில் காரின் கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே மண்டியிட்டு, கால் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு இருந்தாள். இன்னொரு கையில் கோழி இறகு. இறகை எண்ணெயில் தோய்த்துத் தோலைச் சுற்றிலும் தடவுகிறாள், குழந்தைக்குத் தலை தேய்ப்பதுபோல.

விளக்கெண்ணெய். அந்தக் கருகிய வாடை விளக்கெண்ணெயின் வாடை. ஒரு மூட்டை ஆமணக்குக் கொட்டமுத்துக்குள் பத்துக் கொட்டை சொத்தை என்றாலும் மூக்கால் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவன் நான்!

"என்ன புள்ள பண்ற?" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் பயப்படவில்லை. "தோலு காஞ்சு கத்துதுன்னு அந்தப் பையன்தானுங்க சொன்னான். கெணத்துல தண்ணி எறைக்கற சால் தோலுக்கு எண்ணெ போடறதில்லீங்களா? வண்டி அச்சுக்கு மை போடறதில்லீங்களா? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை போட்டேன். இப்பக் கத்தறதே இல்ல பாருங்க" என்றாள்.

கத்தவில்லைதான். தோல் எண்ணெய் குடித்து வழுக்குகிறது, கவ்வ மாட்டேன் என்கிறது. இரும்பு இங்கே சுற்றுகிறது, சக்கரம் அங்கே நிற்கிறது. சொன்னேன். அவள் இறகைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

"தொடாதேன்னு சொன்னேனே, அம்சா. ஏன்?"

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரே ஒரு மாட்டு வண்டி இருந்த காலம். நானும் அவளுமாக உப்பும் புளியும் ஏற்றிச் சந்தை சந்தையாகப் போவோம். நான் ஓட்டுவேன், அச்சுக்கு மை போடுவது அவள் வேலை. ஒரு மழை நாளில் எங்கள் பையனுக்குக் காய்ச்சல் என்று நாமக்கல்லுக்கு அவசரமாக வண்டி பூட்டினோம். மை போட நேரமில்லை. அவன் பேச்சை இந்த வீட்டில் நாங்கள் எடுப்பதில்லை. இன்றுதான் அவள் எடுத்தாள்.

"வழியெல்லாம் அச்சு கத்துனது ஞாவகம் இருக்குதுங்களா? அந்தக் கத்துல... மடியில புள்ள அழுகைய நிறுத்துனது எனக்குக் கேக்கலீங்க. தூங்கறான்னு நெனச்சேன்."

கால் பலகையை எடுத்து மூடிக்கொண்டே, "பாவாயி வர்ற வண்டி கத்தக் கூடாதுன்னு நெனச்சேனுங்க" என்றாள்.

கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன். இருவரும் காரின் படியில் உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிப்போயிற்று.

மாசி 1, சனி

விடிந்ததும் வேலை. பெட்ரோலில் துணியை நனைத்துத் தோலைத் துடைத்தேன். மேலே போயிற்று, உள்ளே குடித்தது போகவில்லை. அம்சவேணி பார்த்துக்கொண்டே நின்றவள், "துணியில எண்ணெப் பிசுக்கு ஏறுனா என்னங்க பண்றோம்? உவர்மண்ணுதானுங்களே?" என்றாள். சலவைக்கு வைத்திருந்ததை இடித்துச் சலித்துக் கொண்டுவந்தாள். மாவு மாதிரி அப்பினோம். மத்தியானத்துக்குள் மண் எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிட்டது. தட்டிவிட்டு மறுபடி அப்பினோம்.

சாயங்காலம் வேலப்பன் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. அவன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"வாங்க மொதலாளி. கோழி ஏத்தறவன் ஊட்டுக்கெல்லாம் வந்திருக்கீங்க?"

கையில் இருந்ததை நீட்டினேன். உயிருள்ள சேவல். அவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தப்பு என்னுதுதாண்டா. கறி ஆக்கித் தின்னுட்டு வா" என்றேன். நடந்ததைச் சொன்னேன், பையன் விஷயம் நீங்கலாக. அக்காதான் எண்ணெய் போட்டாள் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்காவ ஒண்ணும் சொல்லிப்போடலீங்களே?" என்றான்.

நல்லவன். சம்பளத்தை உயர்த்த வேண்டும். அவன் கேட்கட்டும், அப்போது பார்க்கலாம்.

மாசி 4, செவ்வாய்

கார் பழையபடி அலறுகிறது. கல்லுப்பள்ளத்தில் முக்கால் பங்கு ஏறியது, அதன் பிறகு வழுக்கல். வேலப்பன் ஒரு பிடி உவர்மண்ணை உள்ளே தூவினான், கவ்விக்கொண்டது. காரில் எப்போதும் ஒரு சுருக்குப்பை உவர்மண் இருக்கட்டும் என்று வைத்தேன்.

அம்சவேணி இன்னும் காதைப் பொத்துகிறாள்.

மாசி 9, ஞாயிறு

நாமக்கல்லில், ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கடை திறக்கும்போதே அம்சவேணியின் குரல் கேட்டது. முகப்புப் பாறைக்கு மேலே வெள்ளைப் புகை. மூச்சு விடாமல் அடிவாரம் போய் நின்றோம். மூட்டை வைக்கும் இடத்தில் வைக்கோல் பரப்பி அதன் மேல் மெத்தை போட்டிருந்தாள். தூளி வந்து சேர வெயில் ஏறிவிட்டது. தூக்கி வந்தவர்களின் தோள் கன்றிப்போயிருந்தது. பாவாயி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், ஒரு சத்தம் இல்லை. தலையை அம்சவேணி மடியில் வாங்கிக்கொண்டாள். கருப்பண்ணன் படியில் தொற்றிக்கொண்டான்.

கார் அலறிக்கொண்டு கிளம்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்சவேணியின் இரண்டு கைகளும் பாவாயியின் பிடியில் இருந்தன. பொத்தக் கை இல்லை.

கல்லுப்பள்ளம். பாதி ஏற்றம் நன்றாகப் போயிற்று. அங்கே என்ஜின் உறும ஆரம்பித்தது, கார் தயங்கியது. குதித்து இறங்கிப் பின்னால் முட்டுக்கொடுத்தேன், கருப்பண்ணனும் வந்து தோள் கொடுத்தான். "மண்ணப் போடுங்க! மண்ண!" என்று வேலப்பன் கத்துகிறான். மண் சுருக்குப்பையில், காரிலிருந்த அந்தப் பையை எடுத்து என் இடுப்பில் செருகியிருந்தேன், நானோ பின்னால்! ஓடிப்போய், பலகையைத் தூக்கி, பையையே கவிழ்த்தேன். கை சுட்டது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கார் போட்டதே ஓர் அலறல், மலைக்கே கேட்டிருக்கும். கவ்விக்கொண்டது. ஏறியது. நானும் கருப்பண்ணனும் பின்னாலேயே ஓடி, மேட்டில் தொற்றிக்கொண்டோம்.

"இன்னும் கொஞ்சம் தானுங்க யாவாரி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் கருப்பண்ணன். ஆமாம், ஆமாம் என்றேன். அம்சவேணி குனிந்து பாவாயியின் காதில், "கத்து கண்ணு, கத்து, அடக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரம் ஆகிறது.

மாசி 10, திங்கள்

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

மாசி 22, சனி

இன்று பாவாயியை மலையடிக்குக் கொண்டுபோய் விட்டோம். கருப்பண்ணன் அடுத்த மிளகை விலை பேசாமலே தருகிறேன் என்றான். அதெல்லாம் வேண்டாம், பேசித்தான் வாங்குவேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றேன்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கார் கிளம்பியபோது வழக்கம்போல் கீச்சென்று அலறியது. குழந்தை திடுக்கிட்டு விழித்து, அதற்கு மேல் அலற ஆரம்பித்தது. மலைக்காரத் தொண்டை. நான் அம்சவேணியைப் பார்த்தேன். குழந்தை அவள் மடியில்தான் இருந்தது.

"அக்கா, ரெண்டு சொட்டு எண்ணெ உடட்டுங்களா?" என்று சீண்டினான் வேலப்பன்.

"வேண்டாஞ் சாமி, அது கத்துனாக் கத்தட்டும்" என்றாள். "இவ சத்தம் அதுக்கு மேல கேக்குது."